ஓர் இடைக்கால ஸ்காட்லாந்துப் பிரபுவின் கொடிவழியை வரைவது எப்படி?

ஐரோப்பிய அரச வரலாற்றைப் புதிதாகப் படிப்பவர்களில் பலர், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால் சோர்ந்து பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு பிரபுவின் குடும்பத்தைத் தாளில் கையால் வரைந்து பார்த்தால் அந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஹன்டிங்டன் ஏர்ல் டேவிட். அவர் அரியணை ஏறியவர் அல்லர். ஆனால் அவர் இறந்து 71 ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் மணிமுடி யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கான விடை அவருடைய மகள்களின் வழியில்தான் தேடப்பட்டது. ஒரு பெரிய தாள், பென்சில், அழிப்பான் ஆகியவை போதும்.

முதல் படியாக, தாளின் மேற்பகுதியில் சற்றுக் கீழே இறக்கி, 'டேவிட், ஹன்டிங்டன் ஏர்ல், ஏறத்தாழ 1152–1219' என்று எழுதுங்கள். ஏர்ல் என்பது ஒரு நிலப்பகுதியின் பெயரோடு சேர்ந்து வரும் பட்டம். ஹன்டிங்டன் இங்கிலாந்தில் இருக்கிறது. 1185இல் அது டேவிடின் கைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் டன்டீ நகரும் வடகிழக்கிலுள்ள கேரியாக் பகுதியும் அவருக்கு உரியவையாக இருந்தன. இரு நாட்டு அரசர்களுக்கும் ஒருவரே கடமைப்பட்டிருப்பது அக்காலத்தில் இயல்பு என்பதால், பெயருக்குக் கீழே நிலங்களையும் குறித்துவையுங்கள்.

அடுத்து, மேல் தலைமுறை. தந்தை ஹென்றி, தாய் அடா டி வாரென், பாட்டனார் அரசர் முதலாம் டேவிட். பாட்டனார் 1153இல் மறைவதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹென்றி இறந்துவிட்டதால், முடி நேராகப் பேரனுக்குச் சென்றது. மூன்று சகோதரர்களையும் வயது வரிசைப்படி இடமிருந்து வலமாக எழுதுங்கள்: நான்காம் மால்கம் (ஆட்சி 1153–1165), சிங்கம் என்று அழைக்கப்பட்ட வில்லியம் (1165–1214), கடைக்குட்டி டேவிட்.

மூன்றாவதாக, திருமணத்தை இரட்டைக் கோட்டால் காட்டுங்கள். 1190 ஆகஸ்ட் 26 அன்று, நாற்பதை நெருங்கியிருந்த டேவிட், செஸ்டர் ஏர்ல் ரனுல்பின் சகோதரி மாடை மணந்தார். மனைவியின் பிறந்தவீட்டை எழுதாமல் விடக் கூடாது; தாய்மாமன் ரனுல்ப் 1232இல் இறந்ததும், செஸ்டர் ஏர்ல் பட்டம் டேவிடின் மகன் ஜானுக்கு வந்தது அந்த வழியில்தான்.

நான்காவது படியில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. மகன்களை மட்டும் எழுதி மகள்களை விட்டுவிடுவதைத்தான் தொடக்கநிலையினர் செய்யும் மிகப் பெரிய தவறாக நான் கருதுகிறேன். ஜான் 1237இல் பிள்ளையில்லாமல் இறந்தார். திருமணத்திற்கு வெளியே பிறந்த பிரெக்கின் ஹென்றி, ஸ்டெர்லிங் ஹென்றி ஆகிய இருவரையும் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். அவர்களுக்கு அரச வாரிசுரிமை இல்லை. எஞ்சியவை மூன்று மகள்களின் கிளைகள். மூத்தவர் மார்கரெட், கேலோவே பிரபு ஆலனை மணந்தார்; அடுத்தவர் இசபெல்லா, அனன்டேல் பிரபு ராபர்ட் புரூஸை மணந்தார்; இளையவர் அடா, ஹென்றி ஹேஸ்டிங்ஸை மணந்தார். இம்மூவருக்கும் கீழே தாராளமாக இடம் விடுங்கள்.

மார்கரெட்டின் மகள் டெர்வோர்கில்லா. இவருடைய கணவர் ஜான் பேலியல் 1268இல் இறந்தபோது, அவருடைய இதயத்தைப் பதப்படுத்தித் தந்தப் பேழையில் வைத்துத் தம்முடனேயே வைத்திருந்தார் என்று சொல்வார்கள். 1273இல் அவர் நிறுவிய மடாலயத்துக்கு 'இனிய இதயம்' என்று பெயர். 1290இல் அவரை அந்தப் பேழையோடு அங்கேயே அடக்கம் செய்தார்கள். மகனுக்கும் ஜான் பேலியல் என்றே பெயர் என்பதால், பெயரருகே இறந்த ஆண்டை எழுதாவிட்டால் தந்தையும் மகனும் ஒருவராகிவிடுவார்கள்.

இப்போது வரைந்ததைச் சோதித்துப் பாருங்கள். வில்லியமின் வழியில் கடைசி அரசரான மூன்றாம் அலெக்சாண்டர் 1286இலும், அவருடைய பேத்தி மார்கரெட் 1290இலும் இறக்க, அந்தக் கிளை அற்றுப்போனது. டேவிடின் பெயரில் விரலை வைத்துக் கீழே எண்ணுங்கள். இசபெல்லா வழியில் வந்த ராபர்ட் புரூஸ் பேரன். மார்கரெட் வழியில் வந்த ஜான் பேலியல் கொள்ளுப்பேரன். வழக்கின் சாரம் இந்த இரண்டு உறவுச்சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. தலைமுறையில் நெருங்கியவன் நான் என்றார் புரூஸ். மூத்த மகளின் வழி வந்தவன் நான் என்றார் பேலியல். அடா வழிக் கொள்ளுப்பேரன் ஜான் ஹேஸ்டிங்ஸோ, சொத்தைப்போல நாட்டையும் மூன்றாகப் பிரிக்கக் கேட்டார். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் முன்னிலையில் 104 பேர் கொண்ட மன்றம் வழக்கை விசாரித்தது. 1292 நவம்பர் 17 அன்று பெரிக்கில் தீர்ப்பு பேலியலுக்குச் சாதகமாக வந்தது.

கடைசியாக, புரூஸ் கிளையை மேலும் இரண்டு தலைமுறை நீட்டுங்கள். வழக்காடிய ராபர்ட் (இறப்பு 1295), அவர் மகன் ராபர்ட் (இறப்பு 1304), அவர் மகன் ராபர்ட். இந்த மூன்றாமவரே 1306 மார்ச் 25 அன்று ஸ்கோனில் முடிசூடியவர். நம் டேவிடுக்கு எள்ளுப்பேரன். அவருக்குக் கீழே, பின்னாளில் அரசரான அவருடைய மகன் டேவிடின் பெயரையும் எழுதி, தாளின் உச்சியில் இருக்கும் இரண்டு டேவிட்களோடு குழம்பாதபடி, பக்கத்தில் 1324 என்று பிறந்த ஆண்டைக் குறித்துவிடுங்கள்.