சைலன்சரில் உருகி ஒட்டிய ஷூ சோலை எடுப்பது எப்படி

பைக் எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பில் கறுப்பாக அப்பிக்கிடப்பதைப் பார்த்ததும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளை. அதைத் தொடவே வேண்டாம். குரோம் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. துருவை உண்மையில் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான். இரண்டும் தேய்ந்துவிட்டால் அடுத்த மழைக்கே துரு எட்டிப் பார்க்கும். பிறகு பைப்பைக் கழற்றி மறுபடி முலாம் போடுவதைத் தவிர வழியில்லை.

ஒட்டியிருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். பைப் நன்றாக ஆறியபின் மரக்குச்சியால் ஓரத்தைக் கிளறுங்கள். இழுபட்டு வந்தால் பிளாஸ்டிக்: பிவிசி சோல், ரெயின்கோட், கேரி பேக் எல்லாம் இந்த ரகம். சூடுபட்டால் மறுபடி இளகும். தூளாக உதிர்ந்தால் ரப்பர் சோல். வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய) ரப்பர் திரும்ப உருகாது, கருகத்தான் செய்யும். நைலான், பாலியஸ்டர் துணி ஒட்டியிருந்தால் அது இளக 220 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்த அளவுக்கு பைப்பைச் சூடாக்கி வேலை செய்ய முடியாது என்பதால், துணிக்கு நேரே தேய்க்கும் கட்டத்துக்குப் போய்விடலாம்.

பிளாஸ்டிக் என்றால் சூட்டைப் பயன்படுத்துங்கள். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். பைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மெல்லச் சுர்ரென்று வற்ற வேண்டும், அதுதான் பதம். கறையிலிருந்து புகை வந்தால் சூடு அதிகம். அப்போது பிளாஸ்டிக் இளகுவதற்குப் பதில் வெந்து இறுகிவிடும். பிவிசி புகையில் அமிலம் இருக்கும், மூக்கை அருகே கொண்டுபோகாதீர்கள். ஐஸ் குச்சி அல்லது சீவிய மூங்கில் பட்டையால், பைப்பின் நீளவாக்கில், தாழ்வாகச் சாய்த்துத் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் குச்சி முனையைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடுத்ததையே பக்கத்தில் பூசிக்கொண்டிருப்பீர்கள். கையில் தோல் உறையோ தடித்த பருத்தி உறையோ இருக்கட்டும். ரப்பர் கையுறை போட்டால் அதுவும் போய் ஒட்டும். கறை ஒரே இடத்தில் சின்னதாக இருந்தால் ஹேர் டிரையரே போதும்.

சுரண்டி முடிந்ததும் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. முழுக்க ஆறியபின்தான் அசிட்டோன் (நெயில் பாலிஷ் அழிக்கப் பயன்படும் திரவம்); அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் இந்த வரிசை மாறவே கூடாது. பஞ்சை நனைத்துக் கறைமேல் வைத்து, உலராமலிருக்க அலுமினியத் தாளால் மூடிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பிவிசி நன்றாகவே விட்டுக்கொடுக்கும். ரப்பர் கரையாது, பிடி சற்றுத் தளரலாம். கேரி பேக் பாலிதீனுக்கு அசிட்டோன் ஒன்றும் செய்யாது, அதற்குச் சூடு ஒன்றே மருந்து. பெயின்ட் மீதும் இண்டிகேட்டர் மீதும் ஒரு துளிகூடத் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சுவது பழுப்பாகக் கருகிய மெல்லிய படலம். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. அதற்கும் போகாவிட்டால் நான்கு சைபர் நம்பர் (0000, மிக மெல்லிய இழை) ஸ்டீல் உல்லில் டபிள்யூடி-40 தெளித்துத் தேய்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரில் அலுமினியம் ஆக்சைடு துகள் உண்டு. அதால் தேய்த்தால் கீறல் விழுந்து, வெயிலில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் ஸ்டீல் உல் வேண்டாம், உதிரும் இரும்புத் துகள் அங்கேயே துருப்பிடிக்கும்.

விடாப்பிடியான ரப்பர் கரிக்குக் காஸ்டிக் சோடா கலந்த ஓவன் க்ளீனர் கடைசி ஆயுதம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். இங்கே பைப் ஆறியிருப்பதால் ரப்பர்தான் சரி. 15 நிமிடம் விட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும். எனவே எஞ்சின் கவரை பாலிதீன் போட்டு மூடுங்கள், முழுக்கக் கழுவாமல் அலுமினியத் தாளால் தேய்க்காதீர்கள்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்லும் யோசனை தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறைகளில் பழைய குரோமை உரிக்கப் பயன்படும் அதே சரக்கு. கறை அப்படியே நிற்கும், குரோம்தான் கழன்று போகும்.

கடைசியில் ஆட்டோசால் போன்ற மெட்டல் பாலிஷைப் பட்டாணி அளவு எடுத்து மென்துணியில் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் எண்ணெய்ப் பிசுக்கும் கைரேகையும் இல்லாமல் ஒருமுறை துடைப்பது அவசியம். விட்டால் சூட்டில் மஞ்சளாகப் படிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சின் பக்கம் நீலமும் பொன்னிறமும் தெரிந்தால் அது சோல் கறை இல்லை, சூட்டில் உலோகமே நிறம் மாறியது. மேட் கறுப்பு சைலன்சர் வைத்திருப்பவர்கள் சூடும் மரக்குச்சியும் தாண்டிப் போக வேண்டாம். அசிட்டோனும் காஸ்டிக்கும் அந்தப் பெயின்டையே எடுத்துவிடும், அப்புறம் வெப்பம் தாங்கும் ஸ்பிரே வாங்கித்தான் அடிக்க வேண்டியிருக்கும்.