திம்பம் இறங்குவதற்கு முன் பிரேக் பேடில் செய்யக்கூடாத தவறுகள்

பெங்களூரிலிருந்து கனகபுரா, கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியாகக் கோவைக்குப் போகிறவர்கள் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். ஒருமுறை பாதி இறக்கத்தில் என் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின்சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். இரண்டாம் கியருக்கு வந்து, ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறவிட்டுத்தான் கிளம்பினோம். அதற்கு முந்தைய வாரம்தான் சர்வீஸில், "பேடு இன்னும் 4 மில்லிமீட்டர் இருக்கு சார், தாராளமா ஓடும்" என்றார்கள். பெங்களூரு சில்க் போர்டு சிக்னல் நெரிசலுக்கு அது போதும்தான். மலை இறங்கப் போதவில்லை.

புது பேடின் உராயும் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது நகர ஓட்டத்துக்கான கணக்கு. அதை மலைக்கும் ரேஸ் டிராக்குக்கும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. பேடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடிப்பதோடு, டிஸ்க்கின் சூடு பேடை அழுத்தும் பிஸ்டனுக்குப் போகாமலும் தடுக்கிறது. தேயத் தேய அந்தத் தடுப்பு மெலிகிறது. சூடு பிரேக் ஆயிலில் இறங்கி, ஆயில் கொதித்து, குமிழி கட்டுகிறது. காலை அழுத்தினால் குமிழிதான் நசுங்குமே தவிர, பேடு டிஸ்க்கைக் கடிக்காது. மெலிந்த பேடு சீக்கிரம் சூடேறுவதால் சீக்கிரம் தேயவும் செய்யும். 'முதல் பாதி 20,000 கிலோமீட்டர் வந்தது, மீதியும் வரும்' என்று கணக்குப் போடாதீர்கள். வேகமாக ஓட்டுபவராக இருந்தால் பாதி தேய்ந்ததும், அதாவது 5, 6 மி.மீ.யிலேயே, மாற்றிவிடுங்கள்.

சத்தம் வரட்டும் என்று காத்திருப்பது அடுத்தது. பல கார்களில் பேடில் இருக்கும் சின்னத் தகடு, ஏறக்குறைய 2, 3 மி.மீ. மிஞ்சும்போதுதான் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடினால் அதுவும் கேட்காது.

அலாய் வீல் இடுக்கில் எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறோமே, அங்கே தெரிவது வெளிப்பக்க பேடு மட்டும். பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) இறுகிப் போயிருந்தால் பிஸ்டன் பக்கம் இருக்கும் உள் பேடுதான் முதலில் கரையும். வீலைக் கழற்றி இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். அப்படியே அதன் முகத்தையும் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ 8 மி.மீ. இருந்தாலும் அந்த பேடு வேண்டாம். டிஸ்க்கையும் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும்.

பிரேக் ஆயில் மட்டம் இறங்கினால் உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். இதுவும் தவறு. பேடு தேயும்போது மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஊற்றினால் அந்த அடையாளம் மறைந்துபோகும். முதலில் பேடைப் பாருங்கள். அது நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஆயிலின் வயதும் முக்கியம். டாட் 4 (DOT 4) தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். எனக்கு நடந்ததில் மெலிந்த பேடோடு பழைய ஆயிலும் சேர்ந்துகொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. பெடல் மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டிலும் உடனே கியரைக் குறைத்து, ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

பெங்களூரு ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வாங்கினாலும் சரி, சர்வீஸில் போட்டாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இடது, வலது சேர்த்து மாற்ற வேண்டும். அப்புறம், மாற்றிய கையோடு மலைக்குக் கிளம்பாதீர்கள். விடியற்காலையில் காலியான ரோட்டில், 60-இலிருந்து 20-க்கு மிதமாக எட்டுப் பத்து முறை வேகம் குறையுங்கள். இடையில் முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் பழகிய பிறகு திம்பம் போகலாம்.