கருத்தடைக்குப் பின் ஆண் பூனையைப் பேணுதல்

கருத்தடை அறுவை முடிந்து வீடு திரும்பும் ஆண் பூனை, மயக்க மருந்தின் தாக்கம் தீரும்வரை தள்ளாடும் என்பதால், சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் அதை மொட்டைமாடிக்கோ படிக்கட்டுக்கோ செல்லவிடாமல், தரையிலேயே துணி விரித்துப் படுக்கவைக்க வேண்டும். காசிமேட்டு மீன் வீட்டில் எவ்வளவு இருந்தாலும், அன்றிரவு வேகவைத்து முள் நீக்கிய சிறு துண்டே போதும். மணல் காயத்தில் ஒட்டும்; ஆகவே மலத்தட்டில் சில நாட்களுக்குக் கிழித்த செய்தித்தாளை இடுங்கள். காயத்தை நக்காதபடி கழுத்தில் கூம்பு வடிவக் காப்புப்பட்டை அணிவித்து, 7 முதல் 10 நாட்கள் வரை குளிப்பாட்டாமல், வெளியே விடாமல் வைத்திருங்கள்.

வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். இரத்தக்கசிவு, சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.