கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன்

“கியர் விழமாட்டேங்குது” என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு கிளட்ச்சில் இருக்கும். சில வண்டிகளில் கிளட்ச்சும் நன்றாக இருக்கும், அதை இழுக்கிற கேபிள்தான் போயிருக்கும். பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குக் கூலியே பெரிய தொகை ஆகும். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வண்டிக்காரரே பெரும்பாலும் ஸ்பானர் எடுக்காமல் பார்த்துவிடக்கூடிய சோதனைகள் இவை.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது லகுவாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். கியர்பாக்ஸை விட்டுவிடலாம். அணைத்திருந்தாலும் எந்தக் கியரும் சரியாக விழாமல், லீவர் தொளதொளவென்று ஆடினால் கியர் கேபிளையும் அதன் புஷ்ஷையும் பாருங்கள்.

இதை ரிவர்ஸில் உறுதி செய்துகொள்ளலாம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது கியர் விழும் முன் இரண்டு பக்கச் சுற்று வேகத்தையும் ஒன்றாக்குகிற ரிங், கிடையாது. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் ‘கர்ர்’ என்று கத்தினால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது, கிளட்ச் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு தம்பி ஆல்டோவைக் கொண்டுவந்தார். “அண்ணா, கியர்பாக்ஸ் போயிடுச்சு, வேற போடணும்னு சொல்லிட்டாங்க” என்றார். ரிவர்ஸ் கத்தியது, முதல் கியர் அழுத்திப் போட்டால்தான் விழுந்தது. எஞ்சினை அணைத்தால் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் கேபிள் முடிகிற இடத்தில் ரப்பரைத் தள்ளிப் பார்த்தேன். முறுக்குக் கம்பியில் பாதி இழைகள் அறுந்து வெளியே முள்ளாக நின்றன. மிச்ச இழைகள் இழுபட்டு நீண்டுவிட்டதால் மிதிக்கிற மிதி முழுசாகக் கிளட்ச் லீவருக்குப் போகவில்லை. புதுக் கேபிள் போட்டு, பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்குகிற தூரம்) வைத்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

உங்கள் வண்டியில் கேபிள் இல்லாமல், ஃப்ளூயிட் அழுத்தத்தால் இயங்குகிற ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பெடலை வேகமாக மூன்று நான்கு முறை பம்ப் செய்து கியர் போடுங்கள். இப்போது லகுவாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பாதான். பிரேக்கில் கசிவே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கம் தேடுங்கள். பெடலுக்கு மேலே, மிதித்தால் ஃப்ளூயிட்டைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் வருகிற இடத்தில் கையை விட்டுத் தடவுங்கள். ஈரமாக இருந்தால் அங்கேதான். மறுமுனையில் கிளட்ச்சை இயக்குகிற ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கும் வண்டியில் அதன் ரப்பர் உறையைத் தள்ளிப் பார்க்கலாம். சில வண்டிகளில் அது கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும். அது கசிந்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது எதிர்ப்பக்கத்து நோய், கிளட்ச் நழுவுவது. எஞ்சின் உறுமும், ஆர்பிஎம் ஏறும், வண்டி மட்டும் ஏறாது. பலர் இதைப் “பிக்கப் இல்லை” என்று சொல்லி இன்ஜெக்டர் வரை மாற்றிவிடுகிறார்கள். காலியான, சமமான சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் கூடவே வராவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பிக்கப் குறைவாக இருந்தாலும் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறினால் கிளட்ச்சை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள். நின்ற இடத்தில் பார்ப்பதற்கும் வழி உண்டு. முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, 1500 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சட்டென்று அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் உடனே கிளட்ச்சை மிதித்துவிடுங்கள். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டின் மேல் உரசிப் பிடிக்கிற லைனிங்கும் கருகும்.

மலையேறி வந்த வண்டியில் கருகல் வாசனை வந்தாலே பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளைவுக்கு வளைவு ஹாஃப் கிளட்ச்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) நிறுத்தி ஏறினால் நல்ல பிளேட்டும் நாறும். அரை மணி நேரம் ஆறவிட்டு மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். நழுவவில்லை என்றால் ஓட்டுங்கள். கிளட்ச் மாற்றுகிற செலவு மிச்சம்.

சத்தத்தைப் பிரிப்பது சுலபம். நியூட்ரலில் ஐடிலில் விட்டுக் கேளுங்கள். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் திரும்பி வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று வந்தால், கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். ஓடும்போது வருகிற ‘ஊம்’ சத்தத்துக்கு, வேகத்தில் இருக்கும்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். அப்போதும் அதே அளவில் தொடர்ந்தால் வீல் பேரிங், டயர் இரண்டையும் முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்ஸிலின் சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் சுற்றவிடுகிற மூட்டு.

இவை எல்லாம் தாண்டி, ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினாலோ, போட்ட கியர் ஆக்ஸிலேட்டரை விட்டதும் தானாக வெளியே வந்தாலோ, அங்கேதான் கியர்பாக்ஸைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது கியர் கத்தினால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். இறக்குவதற்கு முன் கியர் ஆயிலை வடித்து, டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு தேய்மானம்தான், பயப்பட வேண்டாம். கையில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் பொன் துகளாக மின்னும். அது சிங்க்ரோ ரிங்கின் பொடி. ஆயில் மாற்றும்போது வண்டிப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்ற ஆயில் தரம் இருந்தால் அதையே ஊற்றுங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில கியர்பாக்ஸ்களில் பித்தளையை அரிக்கும்.

கிளட்ச் போய்விட்டது என்று உறுதியாகி இறக்கினால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைவரை லைனிங் தேய்ந்திருந்தால் அது ஓடித் தேய்ந்த பிளேட். லைனிங் தடிப்பாக இருந்தும் கறுத்து, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் எஞ்சினின் பின் ஆயில் சீலோ, கியர்பாக்ஸின் முன் சீலோ கசிகிறது. கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். புதுப் பிளேட் போடும் முன் அந்தச் சீலை மாற்றச் சொல்லுங்கள்.