கழியும் கன்றுக்கு உப்புநீர்: எவ்வளவு, எப்போது, எப்படி

கன்று கழிய ஆரம்பித்ததும் எல்லோரும் கழிச்சலை நிறுத்தும் மருந்தைத்தான் தேடுகிறார்கள். பத்து நாள் கன்று சாவது பெரும்பாலும் கழிச்சலோடு வெளியேறும் தண்ணீராலும் உப்பாலும். அதன் உடம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். ஊட்டி, கோத்தகிரி பக்கம் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஈரத்தரையில் கிடக்கும் கன்று ஒரே ராத்திரியில் துவண்டுவிடும். போனதைக் கணக்குப் போட்டு உள்ளே திருப்பி ஊற்றுவதுதான் வைத்தியம்.

1. எடை பாருங்கள்

கன்றைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் கன்றின் எடை. கண்ணளவில் சொன்னால் ஐந்து, ஆறு கிலோ தப்பும். அதை வைத்துப் போடும் கணக்கு எல்லாமே தப்பும்.

2. எவ்வளவு வறண்டிருக்கிறது?

கழுத்துப் பக்கத்துத் தோலைக் கிள்ளி, லேசாகத் திருகி விடுங்கள். நன்றாக இருக்கும் கன்றுக்கு இரண்டு நொடிக்குள் தோல் படிந்துவிடும். ஐந்து நொடிக்கு மேலும் கூடாரம் போல நின்றால் உடல் எடையில் 8 சதவீதத்துக்கும் மேல் நீர் போயிருக்கலாம்.

அடுத்தது கண். கீழ் இமையை மெல்ல இழுத்து, விழிக்கும் இமைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று பாருங்கள். அதை 1.6-ஆல் பெருக்கினால் சதவீதம் ஏறத்தாழக் கிடைக்கும்; 5 மி.மீ. என்றால் சுமார் 8 சதவீதம். பல நாள் பட்டினி கிடந்து மெலிந்த கன்றுக்குக் கொழுப்பு கரைந்தும் கண் குழி விழும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் தோலையும் ஈறையும் சேர்த்துப் பாருங்கள். ஈறு ஈரமாக வழவழவென்று இருக்க வேண்டும். ஒட்டிப் பிடித்தால் வறட்சிதான்.

3. விரலும் தெர்மாமீட்டரும்

சோப்பு போட்டுக் கழுவிய விரலைக் கன்றின் வாயில் விடுங்கள். பலமாகச் சப்பினால் வாய்வழிக் கரைசல் போதும். சப்பவே இல்லை, அல்லது எழுந்து நிற்க முடியவில்லை என்றால் கரைசலை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். நேரே கால்நடை மருத்துவர்தான். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.

ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பநிலை 101.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பது சரி. 100-க்குக் கீழே என்றால் முதலில் சூடுபடுத்துங்கள்: ஈரத்தைத் துடைத்து, அடியில் காய்ந்த வைக்கோல், மேலே சாக்கு, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். கதவடைத்த தொழுவத்தில் கரி அடுப்பு மட்டும் வேண்டாம். அந்தப் புகை கன்றோடு ஆளையும் சேர்த்துக் கொல்லும்.

4. கரைசல்

ஒரு லிட்டருக்கு:

- சமையல் உப்பு 4 கிராம்
- ஆப்ப சோடா 4 கிராம்
- குளுக்கோஸ் பொடி 20 கிராம்

உப்பு தலை தட்டிய முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கீழேயும், சோடா சற்று மேலேயும் வரும். தராசு இருந்தால் தராசையே நம்புங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி சர்க்கரை, வெல்லம் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். கன்றின் குடலில் சர்க்கரையை உடைக்கும் நொதி கிடையாது. உடையாத சர்க்கரை குடலிலேயே தங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும், கழிச்சல் கூடும். குளுக்கோஸ் அப்படியில்லை, குடல் சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும், தண்ணீர் பின்னாலேயே போகும். பொடி டப்பாவில் சுவையூட்டி, சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறவிட்ட பிறகே சோடாவைப் போடவேண்டும். கொதிநீரில் போட்டால் அது சலவைச் சோடாவாக மாறத் தொடங்கும். வாயும் குடலும் எரியும்.

இந்தக் கலவையில் பொட்டாசியம் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 20.5 கிராம் ஓஆர்எஸ் பொட்டலத்தில் அது உண்டு, ஆனால் கன்றுக்கு அதில் சோடியம் கொஞ்சம் குறைவு. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து அரை டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்தால் சரியாகும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்காதீர்கள்.

5. கணக்கும் நேரமும்

30 கிலோ கன்று, 8 சதவீத வறட்சி: 30 × 0.08 = 2.4 லிட்டர் பாக்கி. இன்று இனிமேல் கழியப்போவதற்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சேர்த்தால் சுமார் 4 லிட்டர். பாலை நிறுத்தாதீர்கள், எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 லிட்டர் வேண்டும். கரைசல் பசியாற்றாது, பாலை நிறுத்திய கன்று குளிரில் சுருண்டுவிடும்.

காலை 7: பால் 1.5 லிட்டர்
காலை 10: கரைசல் 1.5 லிட்டர்
மதியம் 1: கரைசல் 1 லிட்டர்
மாலை 5: பால் 1.5 லிட்டர்
இரவு 8: கரைசல் 1.5 லிட்டர்

பாலோடு கலக்கவே கூடாது. சோடா இருந்தால் இரைப்பையில் பால் திரியாது. திரியாத பால் செரிக்காமல் குடலுக்கு இறங்கிக் கழிச்சலை வளர்க்கும். நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். கரைசலைக் கெட்டியாக்கி, தண்ணீரும் வைக்காவிட்டால் உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும்.

மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள், ரப்பர் காம்பு வைத்த பாட்டிலே நல்லது. சப்பும்போதுதான் உணவுக்குழாய்ப் பள்ளம் மூடி, கரைசல் நேராக நான்காம் இரைப்பைக்குப் போகும். மூக்கு, கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது.

சில மணி நேரத்தில் சிறுநீர் பெய்தால் நீர் சேருகிறது என்று அர்த்தம். கழிச்சல் இன்னும் ஓரிரு நாள் இருக்கலாம், அதற்காகப் பயந்து நிறுத்தாதீர்கள். மறுநாளும் எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், சப்புவது தளர்ந்தால் மருத்துவரை அழையுங்கள்.

அவர் டிரிப்ஸ் போடும்போது உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நம் மலையில் ராத்திரி அறையில் இருக்கும் பாட்டில் நல்ல சில்லென்று இருக்கும், அது அப்படியே ரத்தத்தில் இறங்கினால் ஏற்கனவே விறைத்த கன்று இன்னும் விறைக்கும். அவர் வந்து சேர்வதற்குள் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரைத் தயாராக வையுங்கள். பாட்டில்களை அதில் போட்டு, கன்றின் உடல் சூட்டுக்கு வந்ததும் எடுத்து அவரிடம் கொடுங்கள்.