மரக்கழலையை அறிந்து வேலை செய்வது எப்படி?

மரத்தின் தண்டிலோ கிளையிலோ வேர்க்கழுத்திலோ பட்டையோடு சேர்ந்து உருண்டையாகப் புடைத்து நிற்கும் பகுதியை மரக்கழலை என்கிறோம். மர வணிகத்தில் பர்ல் என்ற பெயரில் இது புழங்குகிறது. வெளியே பார்த்தால் சொரசொரப்பான கட்டிதான். அறுத்துப் பார்த்தாலோ, அதே மரத்தின் வேறெந்தப் பகுதியிலும் இல்லாத சுழிகளும் நெளிவுகளும் புள்ளிகளும் தெரிகின்றன. சாதாரணப் பலகையில் இழை ஒரு திசையில் ஓடும். தச்சுவேலையில் கற்றுக்கொள்ளும் நுட்பங்களில் பெரும்பாலானவை அந்தத் திசையை நம்பியே அமைந்திருக்கின்றன. கழலையில் அப்படி ஒரு திசை கிடையாது. அதன் அழகும், உலரும்போது அது செய்யும் சேட்டையும், உளிக்குக் கொடுக்கும் தொல்லையும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருகின்றன என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் வரும் வேலைமுறைகள் எல்லாம் தாமாகவே புரியும்.

கழலை உருவாகும் விதம்

பட்டைக்கு அடியில், முளைக்காமல் காத்திருக்கும் உறங்குமொட்டுகள் பல மரங்களில் உண்டு. காயம், பூஞ்சைத் தொற்று, பூச்சித் தாக்குதல் போன்ற நெருக்கடிகளை ஒட்டிச் சில மரங்களில் இவை கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. ஆனால் கிளையாக நீளாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் மரம் தன் மேல் புதிய அடுக்கு ஒன்றை வளர்க்கும்போது, அந்த அடுக்கு இம்மொட்டுகளைச் சுற்றி வளைந்தே செல்ல வேண்டியிருக்கிறது. மொட்டுகளும் அதற்கு ஈடுகொடுத்து வெளிநோக்கி நகர்ந்துகொண்டே வருகின்றன. பல ஆண்டுகள் இவ்வாறு நடந்தபின் கிடைப்பதுதான் நாம் அறுத்துப் பார்க்கும் பின்னல். எல்லாக் கழலையும் இப்படி நெருக்கடியால் வருவதில்லை. கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்களிலும் யூகலிப்டஸ் இனங்கள் பலவற்றிலும் நாற்றுப் பருவத்திலேயே அடித்தண்டில் மொட்டுகள் நிறைந்த கட்டி ஒன்று உருவாகிவிடும். காட்டுத்தீயில் மேற்பகுதி கருகினாலும் மரம் மீண்டும் துளிர்ப்பதற்கான சேமிப்பு அது.

மரத்தில் காணும் எல்லாப் புடைப்பும் கழலை ஆகிவிடாது. முறிந்த கிளையின் அடித்துண்டை மரம் மூடி வளர்ந்த இடமும் உருண்டையாகவே தெரியும். ஆனால் அதன் பட்டை பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும், உள்ளே ஒரு முடிச்சும் பல நேரங்களில் உளுத்துப்போன மரமுமே மிஞ்சும். உண்மையான கழலையின் பட்டை கரடுமுரடாகவும் மணிமணியாகவும் இருப்பதோடு, அதிலிருந்து சிறுதளிர்கள் கொத்தாகக் கிளம்புவதும் உண்டு. விழுந்த மரமாக இருந்தால் பட்டையில் ஓரிடத்தை உரித்துப் பார்க்கலாம்: அடிமரத்தின் மேற்பரப்பில் கூரிய சிறுமுனைகள் நெருக்கமாக நின்றால் உள்ளே 'கண்கள்' எனப்படும் வட்டப் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன என்று பொருள், முனையின்றி அலையலையாக மட்டும் இருந்தால் சுழியும் நெளிவும் கிடைக்கும், கண்கள் கிடைக்கா. கண்கள் உள்ளவற்றுக்கே சந்தையில் மதிப்பு அதிகம் என்றாலும், கிண்ணம் கடைபவருக்கு நெளிவு மட்டுமே உள்ள கழலை ஒரு படி மேல் என்பது என் கருத்து. அது உறுதியாக இருக்கும், பட்டைத் துணுக்குகளும் குறைவாகவே சிக்கியிருக்கும்.

கிளை பிரியும் கவட்டையின் இறகு வடிவ ரேகை, மேப்பிளில் காணும் பறவைக்கண் புள்ளி, பூஞ்சை ஏறியதால் விழும் கருங்கோடுகள் ஆகியவற்றையும் சிலர் கழலை என்றே விற்கிறார்கள். அவையும் அழகானவைதான், ஆனால் இழைக்கும்போதும் உலர்த்தும்போதும் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு.

ஏன் இவ்வளவு மோகம்?

இந்த மோகம் புதியதன்று. வட ஆப்பிரிக்காவில் வளரும் தூயா மரத்தின் வேர்க்கழலையில் செய்த மேசைகளுக்காக ரோமானியச் செல்வர்கள் பெரும்பணத்தைக் கொட்டினார்கள். ரோமானிய அரசியல்வாதி சிசரோ அத்தகைய மேசை ஒன்றை 5 லட்சம் செஸ்டர்ஸ் என்னும் ரோமானிய நாணயங்களுக்கு வாங்கியதாக அந்நாட்டு எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அவற்றின் ரேகைகளைப் புலிவரி, சிறுத்தைப்புள்ளி என்று அவர் வகைபிரித்துச் சொல்வதைப் பார்க்கும்போது, இன்றைய மர வணிகர்களின் பேச்சுக்கும் அதற்கும் அதிக வேறுபாடு தெரியவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் கிடைக்கும் அம்பாய்னா கழலை வேங்கை மரத்தின் நெருங்கிய உறவான ஓர் இனத்தில் விளைவது. செம்பொன் நிறத்தில் மிளகைத் தூவியதுபோல் கண்கள் நிறைந்திருக்கும் அதன் பலகையைக் கண்டால் விலையைக் கேட்கவே தயக்கம் வரும்.

அழகு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், சாதாரண மரம் பிளக்கும் விதத்தில் கழலை நேர்கோட்டில் பிளப்பதில்லை. வட அமெரிக்காவின் கிழக்கு வனப்பகுதிப் பழங்குடியினர் கழலையில் கிண்ணங்கள் குடைந்ததும், வட ஐரோப்பாவின் சாமி மக்கள் பிர்ச் கழலையில் குக்சா என்னும் குவளையைச் செதுக்கியதும் இந்தப் பயனை அறிந்தே. புகைக்குழாய்கள் செய்யப் பயன்படும் பிரையர், மத்தியதரைக் கடலோரத்து எரிக்கா செடியின் வேர்க்கழலைதான். அது நெருப்பின் சூட்டைத் தாங்கும். அதேவேளை, நீளவாக்கில் தொடர்ந்து ஓடும் இழை இல்லாததால் கழலைக்குச் சுமை தாங்கும் வலிமை குறைவு. நாற்காலிக் கால், சட்டம், மூட்டுகள் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கட்டையைத் தேர்ந்தெடுத்தல்

உயிருள்ள மரத்திலிருந்து கழலையை வெட்டினால் பெரிய காயம் விழும். அழுகலும் நோயும் அதன் வழியாக நுழையும். கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களில் ரெட்வுட் கழலைத் திருட்டு முற்றியதால், 2014-இல் நியூட்டன் பி. ட்ரூரி சாலையை இரவு நேரங்களில் மூடும் நிலை ஏற்பட்டது. புயலில் சாய்ந்தவை, உரிமையாளரின் ஒப்புதலோடு அகற்றப்பட்டவை, தோப்புகளில் வயதாகி வெட்டப்பட்டவை ஆகியவற்றிலிருந்து வந்த கட்டைதானா என்று விற்பவரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

கழலையைப் பெரும்பாலும் எடைபோட்டு விற்பார்கள். ஈரக்கட்டையை வாங்கினால் காசு கொடுத்துத் தண்ணீரும் சேர்த்து வாங்குகிறோம் என்பது நினைவிருக்கட்டும். படத்தைப் பார்த்து வாங்குபவர்கள், மேற்பரப்பை நனைத்து எடுத்த படமா, உலர்ந்த நிலையில் எடுத்ததா என்று கேட்பது நல்லது; நனைந்த மரம் எப்போதும் கூடுதல் கவர்ச்சியோடு இருக்கும். பட்டை சிக்கிய குழிகளும் வெடிப்புகளும் ஓரளவு இருந்தே தீரும். ஒரு வெடிப்பு கட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடுகிறதா என்பதை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அறுக்கும் திசை

கண்கள் ஒவ்வொன்றும் மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி நீளும் மெல்லிய ஆணிகளாக உள்ளே கிடக்கின்றன. பட்டைக்கு இணையாக அறுத்தால் ஆணிகளின் குறுக்குவெட்டு தெரியும். அதாவது வட்டக் கண்கள். பட்டைக்குச் செங்குத்தாக, மையத்தை நோக்கி அறுத்தால் அதே ஆணிகள் நீண்ட கோடுகளாகத் தெரியும். எனவே முதல் வெட்டுக்கு முன், கண்கள் எந்த முகத்தில் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்து சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். குவிந்து நிற்கும் கழலையில் கிண்ணம் கடைவதாக இருந்தால், குவிந்த வெளிப்பக்கத்தைக் கிண்ணத்தின் அடியாக வைத்தால் வெளிச்சுவரில் ரேகை செறியும். வெளிப்பக்கத்தையே விளிம்பாக வைத்தால் பட்டையின் இயற்கை ஓரம் அப்படியே நிற்கும்.

உலர்த்துதல்

வழக்கமான பலகையில் ஈரம் முனைகள் வழியாக வேகமாகவும் பக்கங்கள் வழியாக மெதுவாகவும் வெளியேறும். அதனால் முனைகளுக்கு மட்டும் மெழுகு பூசினால் போதும். கழலையில் எல்லா முகமும் ஓரளவு முனையாகவே இருப்பதால், அறுத்த அன்றே அனைத்துப் பக்கங்களுக்கும் மெழுகுக் குழம்பு பூச வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் சில கட்டைகள் பாரஃபின் மெழுகில் முழுவதுமாக முக்கி எடுக்கப்பட்டவை. அவற்றுள் ஈரம் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். ஒன்றிரண்டு முகங்களில் மட்டும் மெழுகைச் சுரண்டிவிட்டு, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தால் மெல்ல மெல்ல உலரும்.

கிண்ணத்துக்கு இதைவிட வேகமான வழி உண்டு. ஈரமாக இருக்கும்போதே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க்கனம் வைத்து முரட்டு வடிவில் கடைய வேண்டும், 30 செ.மீ. விட்டம் என்றால் 3 செ.மீ. சுவர். அதைக் காகிதப் பையில் போட்டு, வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பைமேலேயே எழுதிவர வேண்டும். அடுத்தடுத்த எடைகளில் மாற்றம் இல்லாதபோது கிண்ணம் சுற்றுக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. இனி இறுதிக் கடைசலைத் தொடங்கலாம். பொறுமை இல்லாதவர்கள் ஈரத்திலேயே 3 முதல் 5 மி.மீ. கனத்துக்குக் கடைந்து முடித்துவிடலாம். அது உலரும்போது மேற்பரப்பு சுருங்கி மேடுபள்ளமாகும், ஆனால் பெரும்பாலும் வெடிக்காது. அந்தச் சுருக்கமே வேண்டுமென்று செய்பவர்களும் இருக்கிறார்கள்.

இழைத்தலும் கடைதலும்

வழக்கமான இழைப்புளியில் தகடு 45 பாகையில் சாய்ந்திருக்கும். கழலையில் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஓரிடத்தில் இழைக்கு எதிராகவே தள்ளுகிறோம். கண்கள் வேரோடு பிய்ந்து குழி விழும். 55 அல்லது 60 பாகைத் தகடும், புதிதாகத் தீட்டிய கூரும், மிக மெல்லிய சீவலும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதியை ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டியே எடுக்க வேண்டும்.

கடைசல் எந்திரத்தில் முகக்கவசம் இல்லாமல் கழலையை ஏற்றவே கூடாது. உள்ளே சிக்கிய பட்டைத் துணுக்கும், தளர்ந்த மரத்துண்டும் சுழலும் வேகத்தில் தெறித்து வரும். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் குறைந்த வேகத்தில் தொடங்கி, கட்டை உருண்டையான பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். தளர்ந்த இடங்களில் நீர்த்த சூப்பர்குளூவை ஊற்றி இறுக்கலாம். ஆனால் வெளிர்நிற மரத்தில் அது கறை விடும் என்பதால் முன்னதாக அவ்விடத்தில் ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சைப் பூசிக்கொள்ள வேண்டும். பெரிய குழிகளைக் கறுப்பு நிறமி கலந்த எபாக்சிப் பிசினால் நிரப்புவது நிறமில்லாத எபாக்சியைவிட நன்றாக இருக்கும். நிறமற்றதாக ஊற்றினாலும் குழியின் இருட்டு அதில் தெரியும், அதோடு காற்றுக்குமிழிகளும் தெரியும்.

உப்புத்தாள் தேய்க்கும்போது கண்கள் கடினமாகவும் சுற்றியுள்ள மரம் மென்மையாகவும் இருப்பதை மறந்துவிடக் கூடாது. மெத்தென்ற பஞ்சுப் பட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் மென்மையான இடம் பள்ளமாகி, கண்கள் மேடாக நிற்கும். தட்டையான பரப்புக்குக் கட்டைமேல் சுற்றிய தாள்தான் சரி. 120-ஆம் எண் தாளில் தொடங்கி 400 வரை எந்தப் படியையும் தாண்டாமல் செல்லவும். ஒரே இடத்தில் அழுத்திச் சூடேற்றினால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். இடையிடையே டர்பன்டைனால் துடைத்துப் பார்த்தால், எண்ணெய் பூசியபின் பல்லைக் காட்டப்போகும் கீறல்கள் அப்போதே தெரிந்துவிடும். நல்ல தூசிமுகமூடி கட்டாயம். வெப்பமண்டலக் கழலைகள் சிலவற்றின் தூள் தோலிலும் மூச்சுக்குழலிலும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

வெனீராக ஒட்டுதல்

மேசைப்பரப்பு, பெட்டி மூடி போன்ற அகன்ற பரப்புகளுக்கு முழுக்கட்டை தேவையில்லை. ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி கார்களின் முகப்புப் பலகையில் காணும் வால்நட் கழலையும் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள்தான். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள இந்தத் தாள்கள் நெளிந்தும் நொறுங்கும் நிலையிலும் வந்து சேரும். கிளிசரினும் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கரைசலைத் தெளித்து, காகிதங்களுக்கு நடுவே வைத்து, இரண்டு பலகைகளுக்கு இடையில் அழுத்தி, ஈரமான காகிதங்களை அவ்வப்போது மாற்றிவந்தால் சில நாட்களில் தட்டையாகும். அடுத்தடுத்து சீவிய இரு தாள்களைப் புத்தகத்தின் விரித்த பக்கங்களாகப் பிரித்து வைத்து ஒட்டுவது இதற்கே உரிய அழகு. பலகையின் பின்பக்கமும் ஏதேனும் ஒரு வெனீரை ஒட்டாவிட்டால் பலகை வளைந்துவிடும்.

மெருகேற்றுதல்

கழலை எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் பூச்சைத் தாராளமாக ஊற்றி, இனி உறிஞ்சாது என்ற நிலையில் துடைக்க வேண்டும். அத்துடன் வேலை முடிந்துவிடாது: அடுத்த சில மணி நேரத்துக்குக் கண்களைச் சுற்றிய துளைகளிலிருந்து எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக மீண்டும் மேலே வரும், அவற்றை உடனுக்குடன் துடைக்காவிட்டால் உலர்ந்து பளபளக்கும் பொட்டுகளாக நின்றுவிடும். இரண்டாம் பூச்சிலிருந்து மெல்லிதாகப் பூசினால் போதும். மேப்பிள் போன்ற வெளிர்நிறக் கழலையை எண்ணெய் மஞ்சளாக்கிவிடும். அதன் நிறம் மாறாமல் இருக்க நீர்சார்ந்த அக்ரிலிக் பூச்சு ஏற்றது. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் வெளியே விரித்து முழுவதும் உலர்ந்து விறைத்தபிறகே குப்பையில் போடவும்.