லேப்டாப் கிராபிக்ஸ் கார்டின் சூட்டை விபயாஸிலேயே குறைப்பது எப்படி?

கேம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஃபேன் அலற ஆரம்பிக்கும், கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் திடீரென்று திக்கித் திக்கி ஓடும். கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இதைக் கார்டின் விபயாஸுக்குள் (கார்டு எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும், அதன் சிப்பில் பதிந்த சின்ன மென்பொருள்) இருக்கும் சில எண்களை மாற்றியே சரிசெய்யலாம். உதாரணத்துக்கு 2014 அக்டோபரில் வந்த, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970எம் என்ற லேப்டாப் கார்டை எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுடையது ஜிடிஎக்ஸ் 10 வரிசையோ அதற்குப் பிந்தையதோ என்றால் இந்த முறை வேண்டாம். அவற்றின் விபயாஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, எண்களைத் தொட்டால் கார்டு பெரும்பாலும் ஏற்காது. கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு வரும், அதிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். 970எம் வைத்திருப்பவர்களும் முதலில் லேப்டாப்பைக் கழற்றித் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எதைக் குறைத்தால் சூடு குறையும்? சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினால் 0.9 × 0.9 = 0.81, அதாவது ஏறக்குறைய 19% மின்சாரம் குறையும். கூடவே வேகத்தையும் 10% குறைத்தால் 0.73 பக்கம் வந்துவிடும். கேமில் இழப்பது அதிகபட்சம் அந்தப் பத்து சதவீதம், சூட்டில் குறைவதோ கால்பங்குக்கும் மேல். இந்த ஒரு கணக்குக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

ஸ்டெப் 1, பேக்கப். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் பயாஸ் வெர்ஷன் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், அதை அழுத்தி ஃபைலாகச் சேமியுங்கள். அப்புறம் என்விஃபிளாஷில் (விபயாஸைப் படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருள்) சேவ் கட்டளை கொடுத்து இன்னொரு தடவை எடுங்கள். இரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு லேப்டாப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். என்விஃபிளாஷ் ஈப்ராம் சிப்பே (விபயாஸ் பதிந்திருக்கும் சிப்) கிடைக்கவில்லை என்று சொன்னால், உங்கள் கார்டின் விபயாஸ் மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே புதைந்திருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், புதிதாகக் கற்பவர்கள் கை வைக்கிற இடம் இல்லை அது. எம்எக்ஸ்எம் என்ற லேப்டாப் கார்டு ஸ்லாட்டில் தனியாகச் செருகும் கார்டு என்றால் சிப் அதன் மேலேயே இருக்கும், கவலை இல்லை.

ஸ்டெப் 2, எண்களை மாற்றுவது. மேக்ஸ்வெல் 2 பயாஸ் ட்வீக்கர் என்ற இலவச மென்பொருளில் பேக்கப்பின் ஒரு நகலைத் திறங்கள். பவர் டேபிளில் (கார்டு எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற பட்டியல்) இருக்கும் எண்கள் மில்லிவாட்டில் இருக்கும், 60000 என்றால் 60 வாட். ஆனால் நிறைய லேப்டாப் கார்டுகளில் பவர் வரம்பு முறையாகச் செயல்படுவதில்லை, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை அந்த இடத்தில் என்/ஏ என்று காட்டினால் பவர் டேபிளை நம்பிப் பயனில்லை. எனவே ஆரம்பத்தில் பூஸ்ட் வேகத்தை (கேம் ஓடும்போது கார்டு ஏறும் கூடுதல் வேகம்) மட்டும் தொடுங்கள்: 970எம்மில் அது 1038 மெகாஹெர்ட்ஸ், அதை 935 பக்கம் இறக்குங்கள். வேகம் இறங்கினாலே கார்டு வோல்டேஜ் டேபிளில் அதற்குரிய கீழ்வரிசைக்குத் தானாகவே போய்விடும். அது போதவில்லை என்றால் மட்டும் வோல்டேஜ் டேபிளுக்குப் போங்கள், ஒரு தடவைக்கு 12.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் குறைக்க வேண்டாம். ஃபேன் பக்கத்தில் நேரம் வீணாக்காதீர்கள், லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் வேறொரு கன்ட்ரோலர். முடிந்ததும் வேறு பெயரில் சேமியுங்கள்.

ஸ்டெப் 3, ஃபிளாஷ், அதாவது மாற்றிய ஃபைலைக் கார்டின் சிப்பில் எழுதுவது. சார்ஜர் செருகி இருக்கட்டும். டிவைஸ் மேனேஜரில் என்விடியா கார்டை டிஸேபிள் செய்யுங்கள், திரை இன்டெல் கிராபிக்ஸில் ஓடும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து என்விஃபிளாஷில் முதலில் எழுதும் தடையை நீக்கும் புரொடெக்ட்-ஆஃப் கட்டளை, அடுத்து புது ஃபைலின் பெயர் கொடுங்கள். கேட்கும்போது ஒய் அழுத்துங்கள். சில நொடிகள்தான், அதுவரை எதையும் தொடாமல் காத்திருங்கள். பிறகு கார்டை மறுபடி எனேபிள் செய்து ரீஸ்டார்ட்.

கார்டு தெரியவே இல்லையா? பதற வேண்டாம். இன்டெல் கிராபிக்ஸில் விண்டோஸ் திறந்தால் போதும், பழைய ஃபைலை அதே வழியில் திரும்ப ஏற்றலாம். இன்டெல் கிராபிக்ஸ் இல்லாமல் திரை நேரடியாக என்விடியாவோடு இணைந்த லேப்டாப் என்றால், சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பில் நேரடியாக எழுதும் சின்னக் கருவி) அதைச் சிப்பில் மாட்டும் கிளிப்பும் கையில் இல்லாமல் ஸ்டெப் 3-ஐத் தொடங்கவே கூடாது.

ஸ்டெப் 4, சோதனை. கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் யூனிஜின் ஹெவன் சோதனை மென்பொருளை அரைமணி நேரம் ஓட விட்டு, ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் லாக் எடுங்கள். ஃபிளாஷ் செய்வதற்கு முன்பும் இதே சோதனையை ஓட்டி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். கார்டு வேகத்தை ஏன் கட்டுப்படுத்துகிறது என்று காட்டும் பெர்ஃப்கேப் ரீசன் வரியில் தெர்மல் என்று வருவது நின்றிருக்க வேண்டும், வேகம் ஏறி இறங்காமல் நேர்க்கோடாக நிற்க வேண்டும். திரையில் வண்ணப் புள்ளிகள் தெறித்தாலோ, டிரைவர் நின்று மீண்டது என்று விண்டோஸ் சொன்னாலோ வோல்டேஜ் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. ஒரு படி ஏற்றி மறுபடி ஃபிளாஷ் செய்து, அரைமணி நேரமும் சுத்தமாக ஓடினால் அந்த எண்ணிலேயே விட்டுவிடுங்கள்.